பதிவேட்டில் பொய் இல்லை

எலிக்குக் காது மடலுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்துவிட்டால் மிகவும் பிடிக்கும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தலையைச் சாய்க்கும். இது பலருக்குத் தெரியாது. நேற்று முன்தினம் நீங்கள் கூண்டுகளைப் பார்வையிட வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. பழகாதவர்களுக்கு அந்த வாடை அப்படித்தான் இருக்கும்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குப் பழகிய வேலைதான். பதினொரு வருடங்களாக அந்த மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் விலங்குகளைப் பார்த்துக்கொள்கிறேன். தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, மரத்தூள் விரிப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் டீ போடும் பெரியவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. அதனால் பதினொரு மணி டீயும் என் தலையில் விழுந்தது. கூடுதல் வேலை என்று நான் முகம் சுளித்தது கிடையாது. காலையில் வந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஆண்டவனை நினைப்பேன். இன்று என் கையால் எந்த உயிருக்கும் வலி வரக் கூடாது என்று கேட்டுக்கொள்வேன். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

ஒவ்வொரு ஆராய்ச்சியின் கடைசி நாளிலும் எலிகள் இருக்கும் கூண்டுகளை மேலே அனுப்புவேன். மாலையில் காலிக் கூண்டுகள் திரும்பி வரும். அவற்றைக் கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. ஈரல் எப்படி இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வேறு வழியில்லை என்பது எனக்கும் தெரியும். கழுவும்போது சில கூண்டுகளில் கடித்த தீனி மீதி இருக்கும். அதுதான் தாங்காது.

இந்த மூட்டுவலி மருந்து வந்தபோது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அவர்தான் இந்த ஆராய்ச்சிக்குப் பொறுப்பு. நல்ல மனுஷி. ஒரு எலியைக் கையில் எடுத்தால் உடனே மருந்தைச் செலுத்த மாட்டார். உள்ளங்கையில் வைத்துச் சூடு ஏறும்வரை காத்திருப்பார். "மன்னிச்சுக்கோடா" என்று அதன் காதருகே சொல்வார். பிறகுதான் வளைந்த குழாயை அதன் தொண்டைக்குள் விடுவார்.

"இனிமே இத நீங்களே பண்ணிடுங்க. எனக்கு ஃபைல் வேலையே சரியா இருக்கு. உங்களுக்குக் கை நடுங்காது," என்றார்.

"எனக்கு மனசு வராதும்மா."

"எனக்கு மட்டும் வருதா? நாளைக்கு இந்த மருந்தை எத்தனையோ பேர் முழுங்கப் போறாங்க. அவங்களுக்குக் கெடுதல் வருமான்னு முன்னாடியே பாக்கணும்ல? எலி மேல பாக்காம வேற யார் மேல பாக்குறது, நீங்களே சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு அவர் பதில் எதிர்பார்க்கவில்லை என்று இப்போது புரிகிறது. அன்று நான் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் யோசித்தேன்.

மருந்தைக் கழிவுத் தொட்டியில் கொட்டிவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அது பொய் அல்லவா, ஐயா? மருந்து நல்லதா கெட்டதா என்று தெரியாமலேயே ஊருக்குள் போயிருக்கும். நான் ஒருவன் மனசாட்சிக்குப் பயந்து பொய் எழுத, யாரோ ஒரு தாய் அதை விழுங்கியிருப்பாள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். மருந்து கொடுக்கப்பட வேண்டும், பதிவேடு உண்மையாக இருக்க வேண்டும், எலிக்கும் வலிக்கக் கூடாது. மூன்றுக்கும் பொருந்துகிற வழி ஒன்றுதான் இருந்தது.

எலிகள் மொத்தம் இருபத்து நான்கு. ஒன்று முதல் ஆறு வரை வெறும் தண்ணீர். ஏழு முதல் பன்னிரண்டு வரை குறைந்த அளவு மருந்து. பதினெட்டு வரை நடுத்தர அளவு. பத்தொன்பது முதல் இருபத்து நான்கு வரை அதிக அளவு. தொண்ணூறு நாள் தினமும் கொடுக்க வேண்டும். எங்கள் மாடியில் வேலை செய்பவர்கள் என்னைத் தவிர இருபத்து மூன்று பேர். ஆளுக்கொரு டீக் கப் உண்டு. கப்பின் அடியில் எண் எழுத நான் செலவிட்டது அரை மணி நேரம்.

யாருக்கு எந்த எண் என்பதில் நான் தலையிடவில்லை. இவர் நல்லவர், இவர் சிடுமூஞ்சி என்று பார்த்து எண் கொடுத்திருந்தால் அது பாரபட்சம். டாக்டரம்மாவே சொல்லிக்கொடுத்ததுதான் இது: ஆராய்ச்சியில் பிரிவு பிரிப்பது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இருக்க வேண்டும். வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இருபத்து நான்கு சீட்டுகளை மடித்தேன். ஒரு ஆள் குறைந்தது. எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போடும் வேலைக்குப் போய் என்னை வளர்த்தாள். கல்யாணம் பற்றிப் பேச்செடுத்தால், "இவனை யாரு பாத்துக்குவா" என்பாள். நின்றே வேலை செய்ததில் முட்டி தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள்.

"அக்கா, ஒரு சீட்டு எடு," என்றேன்.

"என்னடா, பரிசு கிரிசு விழப்போகுதா?"

"எடேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிறுபிள்ளைபோல் விரலை ஆட்டி ஒன்றை எடுத்தாள். இருபத்து நான்கு. அதிக அளவு. திரும்ப எடுக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் மனம் சஞ்சலப்பட்டது உண்மை. ஆனால் மற்ற இருபத்து மூன்று பேருக்கும் அக்காவோ தம்பியோ இருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று இரவு ஆண்டவனிடம் நன்றி சொல்லித்தான் படுத்தேன், சோதனையில் தவறவில்லை என்று.

கூடத்தின் தலைவரான பெரிய டாக்டருக்கு மூன்றாம் எண் விழுந்தது, வெறும் தண்ணீர். டாக்டரம்மாவுக்குப் பதினைந்து. மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அண்ணனுக்கு இருபத்தொன்று.

மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. எலிக்கு ஒரு சிட்டிகை போதும், ஆளுக்கு அது போதாது. டீ அறை வாசலில் எடை பார்க்கும் மெஷினை வைத்தேன். ஏறி இறங்கினால்தான் டீ என்றேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். கணக்கர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுவார்.

மருந்துப் பொடி அதிகம் வேண்டியிருந்தது. அடுத்த கட்டத்தில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்கென்று கம்பெனி ஒரு டிரம் முன்கூட்டியே அனுப்பியிருந்தது. அதிலிருந்து கேட்டுச் சீட்டு எழுதினேன். டாக்டரம்மா ஒரே மூச்சில் அறுபது தாளில் கையெழுத்துப் போடுகிறவர். அதிலும் போட்டார்.

ஸ்டோர் அண்ணன் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"யோவ், எலிக்குக் கேக்குறியா, யானைக்குக் கேக்குறியா?"

"எடைக்குத் தக்கபடிதாண்ணே."

"அப்ப அதுங்களைக் கொஞ்சம் பட்டினி போடு. என்னைவிட நல்லா சாப்பிடுதுங்க போல." சொல்லிக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார். கையெழுத்து சரியாக இருந்தால் அவருக்குப் போதும். போகும்போது ஒரு பொட்டலத்தை நீட்டினார். "உடைஞ்ச பிஸ்கட்டு. உன் புள்ளைங்களுக்குப் போடு." எலிகளை அவர் அப்படித்தான் சொல்வார். வாரம் தவறாமல் கொடுப்பார்.

பதிவேட்டில் நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. எடை என்ற கட்டத்தில் கிராமில் எழுத வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அறுபத்தோராயிரத்து நானூறு என்று எழுதினேன். டைப்பிஸ்ட் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தாள். அது நான்கு இலக்கத்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்றது. "அண்ணே, உங்களுக்குச் சைபர்னா ரொம்பப் பிடிக்குமோ?" என்று கேட்டுக்கொண்டு கடைசி இரண்டு சைபரையும் அவளாகவே எடுத்துவிட்டாள். அறுநூற்றுப் பதினான்கு கிராம் எலி. கொஞ்சம் கொழுத்த எலி, ஆனால் உலகத்தில் இல்லாததல்ல. அது என் தவறா, சொல்லுங்கள்.

முடி, கண், நடை, தீனி, குணம் என்று கட்டங்கள் இருந்தன. டீ கொடுக்கும்போது ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். கழிவு என்றும் ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் காலியாக விட்டேன். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

பதினாறாம் எண்ணான கணக்கருக்கு இருபதாம் நாளிலிருந்தே மூட்டுவலி போய்விட்டது. இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினார். "நடை: துள்ளல்" என்று எழுதினேன். பதினேழாம் எண்ணான டைப்பிஸ்டுக்கு முடி கொட்டியது. எழுதினேன். இருபத்தொன்றாம் எண்ணுக்குப் பசி குறைந்தது, கோபம் கூடியது, பிற்பகலில் மேசைமேல் தலைவைத்துத் தூக்கம்.

டாக்டரம்மா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மேசையா?"

"ஆமாம்மா, மேசைதான்."

அவர் முகம் கனிந்துவிட்டது. "எலிக்குக் குட்டி மேசையெல்லாம் செஞ்சு போட்டிருக்கீங்களா? நல்ல மனசு உங்களுக்கு," என்றார். தன் பங்கு டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கப்பை என்னிடம் நீட்டினார். "ஏன் இப்பல்லாம் இவ்வளவு கசக்குது? தூளை மாத்திட்டாங்களா?" மறுநாளிலிருந்து பதின்மூன்றிலிருந்து மேலுள்ள எண்களுக்கு ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஐம்பதாம் நாள் வாக்கில் சிலருக்குக் கண் மஞ்சளித்தது. பெரிய டாக்டர் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டார். இரண்டு முறை கழுவச் சொன்னார். எல்லோரும் கொதிக்கவைத்ததை மட்டுமே குடிக்க வேண்டும் என்று சுவரில் உத்தரவு ஒட்டினார். அன்றிலிருந்து டீயை மூன்று வேளையாக ஆக்கினார்கள். நான் அளவைக் கூட்டவில்லை. ஒரு நாள் மருந்தை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தேன்.

வீட்டில் அக்காவுக்கு நான் எதையும் மறைக்கவில்லை. முதல் நாள் டம்ளரை நீட்டியபோது, "என்னடா இது?" என்றாள்.

"மருந்து."

"எதுக்கு?"

"மூட்டுக்கு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள், கண்ணையும் துடைத்தாள். கசப்பு என்று எழுதினேன். எதிர் வீட்டுக்காரம்மாவிடம் அவள் பேசியது சன்னல் வழியாகக் காதில் விழுந்தது: "முப்பது வருஷத்துல இப்பதான் என் முட்டிய நினைச்சிருக்கான். தினம் மறக்காம கலக்கித் தர்றான். நாமதான் அவனைக் கல்லுன்னு நினைச்சிட்டோம்."

அவளுக்கும் எடை பார்க்க வேண்டுமே. ஞாயிறுதோறும் மருந்துக் கடை வாசலில் இருக்கும் மெஷினுக்கு அழைத்துப் போனேன். அதற்காகவே நல்ல புடவை கட்டிக்கொள்வாள். வரும் வழியில் பூங்கா பெஞ்சில் பத்து நிமிடம் உட்காரலாமா என்று கேட்பாள். உட்காருவோம். முட்டி வலி உண்மையிலேயே குறைந்திருந்தது. அதையும் எழுதியிருக்கிறேன். மருந்துக்கு உள்ள நல்ல குணத்தை நான் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அறுபத்து நான்காம் நாள் அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே இருந்த டாக்டர், தூக்கம் கெட்டுச் சிவந்த கண்ணோடு ஒரு சின்ன வயதுக்காரர், என்னைத் தனியே அழைத்தார்.

"ஈரல் ரொம்ப மோசமா இருக்கு. ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சா நிறுத்தலாம், அதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது பண்ணிப் பாக்கலாம்."

"இப்பச் சொல்ல முடியாதுங்க. தொண்ணூறாம் நாள் சொல்றேன்," என்றேன்.

அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். கையிலிருந்த தன் ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் வேறொன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நல்ல மனிதர்கள் எங்கும் இருக்கிறார்கள், ஐயா. ஆனால் ஆராய்ச்சி நடக்கும்போது யாருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று வெளியில் சொல்லக் கூடாது. அது அடிப்படை விதி. அக்கா என்பதற்காக விதியை உடைத்தால் அப்புறம் அது என்ன ஆராய்ச்சி? ஆஸ்பத்திரியிலும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஃபிளாஸ்கில் கொண்டுபோனேன். தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்கவைத்தேன். "நீ தூங்குறியாடா?" என்று கேட்பாள்.

அறுபத்தாறாம் நாள் ஸ்டோர் அண்ணன் இறந்துபோனார். அழுதேன். பிறகு எழுதினேன்: இருபத்தொன்று, இறப்பு. டாக்டரம்மாவிடம் தகவல் சொல்வது என் கடமை. போனேன். அவர் அண்ணனுக்கு மாலை வாங்கும் விஷயமாக ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் கண்களும் லேசாக மஞ்சளித்திருந்தன.

"இருபத்தொண்ணு செத்துப்போச்சும்மா."

"அய்யோ, இன்னைக்கேவா? உடம்பைப் பனிப்பெட்டியில வைங்க. நாளைக்குப் பாக்கறேன்."

"வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா."

அவர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் அண்ணனையே நினைச்சுக்கிட்டிருக்கீங்க. போய் உக்காருங்க, பாவம்," என்றார்.

எழுபதாம் நாள் காலை அவர் பதிவேட்டோடு விலங்குக் கூடத்துக்கு வந்தார். அதிக அளவு மருந்து பெற்ற எலிகளின் ஈரல் கெட்டிருக்க வேண்டும் என்று பதிவேடு காட்டியது. மருந்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதுவதற்கு முன்னால் நேரில் பார்க்க வந்திருந்தார். இருபத்து நான்காம் எண்ணின் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு அந்தக் கூண்டைத் திறந்தார். அந்தப் பக்கத்தில் இப்படி இருந்தது: எழுந்து நிற்க முடியவில்லை. கண் மஞ்சள். தம்பி சாப்பிட்டானா என்று கேட்கிறது.

எலி துள்ளி அவர் தோளில் ஏறி, காதுக்குப் பின்னால் மூக்கை வைத்து உரசியது. இருபத்தொன்றாம் கூண்டில் இறந்துபோனதாக எழுதியிருந்த எலி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அவர் ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். மேசை, துள்ளல், முடி என்று உதடு அசைந்தது. அப்புறம் அலமாரியில் கவிழ்த்திருந்த கப்புகளில் தன்னுடையதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பதினைந்து.

அவர் கத்தவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. முதலில் அந்த எலியைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய் ஆஸ்பத்திரிகளுக்கு ஃபோன் செய்தார். தன் பெயரைக் கடைசியில்தான் சொன்னார்.

இவ்வளவுதான் நடந்தது. இருபத்து மூன்று பேருக்கும் என் அக்காவுக்கும் அவர்கள் அறியாமல் எழுபது நாள் கலந்து கொடுத்தது நான்தான். ஆறு பேருக்கு வெறும் தண்ணீர், மற்றவர்களுக்கு மருந்து. ஒருவர் இறந்தார். இதில் எதையும் மறுக்கவில்லை. கூடவே ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: அந்த மருந்து இனி ஊருக்குள் போகாது. எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அதற்காக ஓர் எலிக்குக்கூட வலிக்கவில்லை. அவை இப்போது உங்கள் அலுவலகத்தில் சாட்சிப் பொருளாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தண்ணீர்ப் புட்டியை மாலையில் ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள்.

நேற்று மாலை அக்காவைப் பார்க்க அனுமதித்ததற்கு நன்றி. காவலர் வாசலிலேயே நின்றுகொண்டார். காரணம் தெரிந்ததால் இப்போது சரியான சிகிச்சை கொடுக்கிறார்களாம். இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றார் அந்தச் சின்ன டாக்டர். இப்போது அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

நான் கட்டிலருகே உட்கார்ந்து அக்காவிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். சீட்டு, கப், ஞாயிற்றுக்கிழமை எடை, ஃபிளாஸ்க். முடிந்ததும் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு ஆளுதானேடா குறைஞ்சுது?"

"ஆமாக்கா."

"நீ குடிச்சிருக்கலாமே."

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் எடுத்துச் சொல்வார்களே, அப்படிக் கேட்டாள். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"நான் எப்படிக்கா குடிக்கிறது? எழுதுறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கொண்டுபோன ரொட்டியையும் பாலையும் நர்ஸ் நீட்டிப் பார்த்தார், அக்கா வாங்கவில்லை. நான் கிளம்பும்போது, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் அதைக் கேட்காத முதல் மாலை அது. பதிவேடு உங்களிடம் இருப்பதால் இங்கேயே குறித்துவைக்கிறேன்.

எழுபத்து மூன்றாம் நாள். எண் இருபத்து நான்கு. தீனி: எடுக்கவில்லை. குணம்: முகம் கொடுக்கவில்லை. காரணம்: தெரியவில்லை. மருந்தாக இருக்கலாம்.